கலங்கிய மாதிரி ஏற்கப்படமாட்டாது

எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் நூற்றுக்கு நூறு தூய்மையானது. இதை நான் சொல்லவில்லை. குடிநீர் வாரியத்தின் வாசலில் ஆளுயரப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி: ‘காய்ச்சத் தேவையில்லை, அப்படியே பருகலாம்.’ என் சலவைக்கடை அந்தப் பலகைக்கு நேர் எதிரே இருக்கிறது. பதினோரு வருடமாகக் கடையைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான். கண்ட முகத்தில் விழிப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரிக்கு மஞ்சள் காமாலை வந்தது அந்தப் பலகையால். இல்லை, உண்மையைச் சொன்னால் என்னால். அவள் பாட்டுக்குத் தினமும் ஒரு பானைத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக்கொண்டிருந்தாள். “எதுக்கு கேஸை வீணாக்கற? அதான் கடைக்கு எதிர்லயே இத்தாம் பெருசா எழுதி வச்சிருக்கானே” என்று சொன்ன மேதாவி நான்தான். மூன்றே மாதத்தில் அவள் கண் மஞ்சளானது. என்னை ஒன்றும் செய்யவில்லை. பாவம் செய்தவனை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவளைத்தானே எதுவும் பிடிக்கும்.

“உங்க தெருவுலேர்ந்து இவங்க ஒன்பதாவது ஆளு” என்றார் டாக்டர். “ஈரல் வீங்கியிருக்கு. இதுக்கு மேல ஒரு வயித்துப்போக்கு, ஒரு காய்ச்சல் வந்தாக்கூட உடம்பு தாங்காது. மருந்து நான் தர்றேன். தண்ணிய நீங்க பாத்துக்கங்க.”

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒரு விஷயம் உறைத்தது. வாரியத்து அதிகாரிகள் இருபத்து நான்கு பேரின் வெள்ளைச் சீருடையும் என் கடையில்தான் வெளுக்கிறது. குழாய்த் தண்ணீரில் துரு இருக்கிறது. வெள்ளைத் துணியை அதில் போட்டால் பழுத்துப் போகும். அதனால் வெள்ளைக்கு மட்டும் நான் லாரித் தண்ணீர் வாங்குவேன். அதாவது, அவர்கள் சட்டைக்கு லாரித் தண்ணீர், என் பெண்டாட்டிக்குக் குழாய்த் தண்ணீர். எனக்கு என் முகத்திலேயே காறித் துப்பத் தோன்றியது.

குழாய் உடைசல் எங்கே என்று எங்கள் தெருப் பூனைக்குக்கூடத் தெரியும். கடைசி வீடு டீச்சரம்மாவுடையது. அவர் வாசலில் ரோடு ஒரு சாண் உள்வாங்கியிருக்கிறது. கீழே சாக்கடையும் குடிநீர்க் குழாயும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன. அங்கே தோண்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மண்ணைத் தோண்ட வாரியத்துக்கு முதலில் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று ஒரு காகிதம் வேண்டும்.

ஒரு பாட்டிலில் எங்கள் வீட்டுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வாரியத்தின் மாதிரிப் பிரிவுக்குப் போனேன். பிரிவு அதிகாரி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இதை எடுத்துக்க முடியாதே. கலங்கலா இருக்கு.”

“கலங்கலா இருக்குன்னுதான் சார் கொண்டாந்தேன்.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுச் சுவரைக் காட்டினார். கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் விதி பதினான்கு தொங்கியது: ‘மாதிரிகள் தெளிவாகவும் மணமின்றியும் இருத்தல் வேண்டும். கலங்கிய மாதிரி ஏற்கப்படமாட்டாது.’

“உள்ள இருக்கிற மெஷின் எங்கேர்ந்து வந்தது தெரியுமா? கப்பல்ல வந்தது. அழுக்குத் தண்ணிய அதுக்குள்ள விட்டா மெஷினுக்கு என்னய்யா ஆகும்?”

“என் சம்சாரத்துக்குள்ள போயிருக்கு சார் அந்தத் தண்ணி.”

“அது உங்க சொந்த விஷயம். மெஷின் பொதுச் சொத்து. வீட்டுக்குப் போய் நல்லா வடிகட்டிக் கொண்டாங்க.”

எனக்குக் கோபம் வரவில்லை. குழப்பம்தான் வந்தது. அரசாங்க ஆபீஸில் கோபம் வரத் தனிப் பயிற்சி வேண்டும், எனக்கு அது அப்போது இல்லை. வீட்டுக்குப் போய் நாலாக மடித்த துணியில் வடிகட்டினேன். துணியில் தேங்கியதைப் பற்றி இங்கே எழுதவில்லை, படிப்பவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம்.

மறுநாள் அதிகாரி பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“ஐயய்யே! வாடை அடிக்குது. நல்லாக் கொதிக்க வச்சுக் கொண்டாங்க.”

“கொதிக்க வச்சா அதுல இருக்கிற கிருமி செத்துடுமே சார்?”

“செத்தா நல்லதுதானே? உங்களுக்குக் கிருமி வேணுமா, வேணாமா? முதல்ல அதை முடிவு பண்ணிட்டு வாங்க.”

மூன்றாம் நாள் காய்ச்சி, வடிகட்டி, மறுபடி காய்ச்சிக் கொண்டுபோனேன். ஏற்றுக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் முத்திரை குத்திய சான்றிதழ் வந்தது. ‘தங்கள் இல்லத்துத் தண்ணீர் மிகச் சிறந்தது. ஆகவே தங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது.’ கூடவே இன்னொரு கடிதம். இந்த ஆண்டு வந்த மாதிரிகளிலேயே என்னுடையதுதான் முதல் இடமாம். வாரியத்தின் ஆண்டு விழாவில் ‘சிறந்த நுகர்வோர்’ என்று எனக்கு மேடையில் கேடயம் தருகிறார்களாம். அதே மேடையில் வாரியத்துக்கும் தூய்மை விருது கிடைக்கப்போகிறது.

கடிதத்தை வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். அவள் படுத்தபடியே கேட்டாள்:

“கேடயத்துல தண்ணி ஊத்திக் குடிக்கலாமா?”

“இல்லம்மா, அது தட்டை.”

“பின்ன எதுக்கு?”

நான் கடிதத்தை மடித்து வைத்தேன்.

விழாவுக்குப் பத்து நாள் முன்பு வாரியத்தின் தலைமைப் பொறியாளரே என் வீட்டுக்கு வந்தார். ஊரில் அவருக்கு நூற்றுக்கு நூறு என்று பெயர். பேச்சில் அந்த இரண்டு சொல் வராமல் அவரால் மூச்சுக்கூட விட முடியாது. விழா மலருக்குப் படம் வேண்டும். சிறந்த நுகர்வோரின் குழாயடியில் அவர் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடிப்பது போல.

குழாயைத் திறந்தார்கள். முதலில் காற்று வந்தது, பிறகு துருவும் சாக்கடையும் கலந்த ஒன்று வந்தது. படக்காரர் கேமராவைத் தாழ்த்திக்கொண்டார். நூற்றுக்கு நூறு பதறவே இல்லை. உதவியாளர் பையிலிருந்து சீல் வைத்த பாட்டிலை எடுத்து டம்ளரில் ஊற்றினார். டம்ளரைக் குழாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு பொறியாளர் சிரித்தார். ‘கிளிக்’. படத்தில் குழாய் மூடியிருந்தது, டம்ளர் நிறைந்திருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அப்போது வீட்டுக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

“ஐயா, தண்ணி மஞ்சளா வருதுங்க. நீங்களே கண்ணால பாத்தீங்க. டீச்சரம்மா வாசல்ல ஒரே ஒரு குழி தோண்டினாப் போதும்யா.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் கண்ணைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்றவர்களிடம் திரும்பினார்.

“காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சும்மாவா சொல்லி வச்சாங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். உதவியாளர் சிரித்தார், படக்காரர் சிரித்தார். பதினோரு வருடமாக அவர்களைக் கண்டதும் பல்லைக் காட்டிப் பழகிய பழக்கத்தில், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்துவிட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ‘சாப்பிட்டியா’ என்றால் தலை ஆடும், அவ்வளவுதான். நாலாம் நாள் விழாவுக்கான சீருடை மூட்டை வந்தது. இருபத்து நான்கு வெள்ளைச் சட்டை. கூடவே நூற்றுக்கு நூறு கையெழுத்திட்ட சுற்றறிக்கையின் நகல்: விழா நாளன்று சீருடைகள் கசங்காமலிருக்கும் பொருட்டு, சலவைக்காரர் அவற்றை நேரே அரங்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதிகாரிகள் அங்கேயே மாற்றிக்கொள்வார்கள். சலவைக்கடையிலிருந்து வந்த சீருடை அணியாமல் மேடையேறுவோர் மீது கடும் நடவடிக்கை.

நான் மூட்டையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போகும்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“எந்தத் தண்ணில போடப் போறீங்க?”

அவள் பேசிய சந்தோஷத்தில் சட்டென்று நின்றேன். “வழக்கம் போல லாரித் தண்ணிதான்.”

“ஏன்? காய்ச்சாம அப்படியே குடிக்கிற தண்ணி, சட்டைக்கு மட்டும் ஆகாதா?”

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருடம் எனக்குச் சோறு போட்ட மூட்டை கையில் கனத்தது.

“இந்த வேலை போயிடும்மா.”

“போனாப் போகுது. கடையில கலர்த் துணி வரலியா? அந்த ஆளுக்கு மஞ்சள்னா என்னன்னு தெரியல. காட்டுங்க.”

எங்கள் தெருவில் இருபத்தாறு வீடு. ஒன்று பூட்டியிருந்தது. இன்னொரு வீட்டுக்காரர் தன் மாப்பிள்ளைக்கு வாரியத்தில் வேலை கிடைக்கும் என்று காத்திருக்கிறார், அவர் கதவைச் சாத்திக்கொண்டார். மிச்சம் சரியாக இருபத்து நான்கு. வீட்டுக்கு ஒரு சட்டையாகப் பிரித்துக் கொடுத்தேன். எல்லாரும் தத்தம் குழாய்த் தண்ணீரில், வடிகட்டாமல், காய்ச்சாமல் ஊறவைத்தார்கள். துரு ஏறிய தண்ணீரில் பிளீச்சிங் பவுடரைப் போட்டால் கறை போகாது, உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். சலவைத் தொழிலில் முதல் பாடமே இதுதான். ஆனால் வாரியம் எதற்கெடுத்தாலும் ‘பவுடர் போடுங்க’ என்கிறதே, அதனால் பவுடரும் போட்டோம். வாரியத்தை நாங்கள் என்றைக்கு மீறியிருக்கிறோம்?

பதவியைப் பார்த்துத்தான் வீடு ஒதுக்கினேன். இளநிலை ஆட்களுக்கு உடைசலிலிருந்து தள்ளியிருக்கும் முதல் வீடுகள். மாதிரிப் பிரிவு அதிகாரிக்கு எங்கள் வீடு, பதினேழாம் எண். தலைமைப் பொறியாளரின் சட்டை டீச்சரம்மா வீட்டுக்குப் போனது. டீச்சரம்மாவுக்கே இரண்டு மாதம் முன்பு காமாலை வந்து தேறியிருந்தது. அவர் அந்தச் சட்டையை இரண்டு நாள் ஊறவைத்தார்.

“ஒரு நாள் போதும் டீச்சர்” என்றேன்.

“பெரிய மனுஷன் சட்டைப்பா. அவசரப்படக் கூடாது” என்றார்.

துணிக்குக் குறி போடும் மசி எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. துணி கிழிந்தாலும் குறி அழியாது. வழக்கமாகக் காலரின் உள்பக்கம் சின்னதாகப் போடுவோம். இந்தத் தடவை சட்டையின் முதுகில் போட்டேன், ஒரு கை அகலத்துக்கு. மாதிரி எண் ஒன்று, மாதிரி எண் இரண்டு என்று வரிசையாக. அப்புறம் கஞ்சி போட்டு, என் வாழ்நாளிலேயே தேய்க்காத மாதிரி தேய்த்தேன். மடிப்பு ஒவ்வொன்றிலும் விரலை அறுத்துக்கொள்ளலாம்.

விழா அன்று மேடைக்குப் பின்னால் பனியனோடு நின்ற இருபத்து நான்கு பேரும் நான் சுற்றிக் கொண்டுபோன காகித உறையைப் பிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நூற்றுக்கு நூறு என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

“என்னய்யா இது?”

“சீருடை சார். சலவைக்கடையிலேர்ந்து வந்தது.”

வெளியே விருதுக் குழுத் தலைவி வந்து இறங்கிவிட்டார் என்று ஆள் ஓடி வந்து சொன்னான். மாற்றுச் சட்டை போட்டால் கடும் நடவடிக்கை. நடவடிக்கை எடுக்க வேண்டியவரும் பனியனோடுதான் நிற்கிறார். மாதிரிப் பிரிவு அதிகாரிதான் சுற்றறிக்கையை எடுத்து முழுதாகப் படித்தார்.

“சார், சீருடைன்னுதான் போட்டிருக்கு. வெள்ளைன்னு எங்கேயும் இல்ல.”

அப்படி ஒரு நிம்மதியை நான் மனித முகங்களில் பார்த்ததே இல்லை. மளமளவென்று மாட்டிக்கொண்டு மேடையேறினார்கள். ஒருவர் முதுகை ஒருவர் மறைக்கப் பார்த்து, எல்லாரும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தார்கள்.

மேடை விளக்குகளைப் போட்டார்கள். இடது ஓரத்தில் இளநிலை ஆட்கள் வெளிர் மஞ்சளாக இருந்தார்கள். பதவி ஏற ஏற நிறமும் ஏறியது. நடு நாற்காலியில் தலைமைப் பொறியாளர் பழுப்பாக, கருந்துரு நிறத்தில், அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி உட்கார்ந்திருந்தார். விளக்குச் சூட்டில் வியர்வை பட்டதும் டீச்சரம்மாவின் இரண்டு நாள் உழைப்பு மெல்ல மணக்கத் தொடங்கியது. விருதுக் குழுத் தலைவி கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோனார்.

“புதுச் சீருடையா?” என்று கேட்டார்.

“ஆமாம் மேடம்” என்றார் நூற்றுக்கு நூறு. “மண்ணின் நிறம். மண்ணோடும் மக்களோடும் எங்கள் வாரியம் நூற்றுக்கு நூறு கலந்துவிட்டது என்பதன் அடையாளம்.”

கலந்துவிட்டது என்றதும் கூட்டத்தில் எங்கள் தெருக்காரர்கள் பலமாகக் கைதட்டினார்கள்.

சிறந்த நுகர்வோரை மேடைக்கு அழைத்தார்கள். கேடயத்தை வாங்கிக்கொண்டு நான் மைக்கின் முன்னால் நின்றேன். முதல் வரிசையில் டீச்சரம்மாவின் தோளில் சாய்ந்து என் வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணைப் பார்த்தேன். பேசத் தொடங்கினேன்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு மாதிரி கொடுத்ததுக்கு இந்தக் கேடயம் கொடுத்தாங்க. அது ரெண்டு தடவை காய்ச்சின தண்ணி. அதனால காய்ச்சாத மாதிரி இருபத்து நாலு இன்னிக்குக் கொண்டாந்திருக்கேன். மாதிரி தெளிவா இருக்கணும்னு விதி. தெளிவாத்தான் இருக்கு. ஐயாமாரெல்லாம் கொஞ்சம் எழுந்து திரும்பி நின்னா எல்லாருக்கும் தெரியும்.”

யாரும் எழவில்லை. ஆனால் விருதுக் குழுத் தலைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொறியாளரின் முதுகை எட்டிப் பார்த்தார். “மாதிரி எண் இருபத்து நாலு” என்று சத்தமாகப் படித்தார். “அப்படின்னா?”

“எங்க தெருக் கடைசி வீடுங்க. அவங்க வீட்டுக் குழாய்த் தண்ணில நனைச்சு எடுத்தது. வேற ஒரு சாயமும் இல்ல.”

நூற்றுக்கு நூறு துள்ளி எழுந்தார். மைக் பக்கத்திலேயே இருக்கிறது என்பது அவருக்கு மறந்துபோயிற்று.

“அடப் பைத்தியக்காரா! நம்ம குழாய்த் தண்ணில எவனாவது வெள்ளைச் சட்டையத் துவைப்பானா? அது குடிக்கிறதுக்கு விடற தண்ணிய்யா!”

அரங்கத்தின் எட்டு ஒலிபெருக்கியிலும் அது போய்ச் சேர்ந்தது. வாரியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் மாதிரிப் பிரிவு அதிகாரி எழுந்தார்.

“மேடம் தப்பா நினைக்கக் கூடாது. தண்ணிய அப்படியே எடுத்தா இப்படித்தான் இருக்கும். நாங்க எப்பவுமே மக்களைக் காய்ச்சி வடிகட்டிக் கொண்டாரச் சொல்லித்தான் டெஸ்டே பண்றோம். அதனாலதான் நூத்துக்கு நூறு வருது.”

தலைவி தன் முன்னால் இருந்த சீல் வைத்த பாட்டிலைத் தள்ளி வைத்தார்.

“அப்ப அந்தத் தெருக் குழாய்லேர்ந்து ஒரு டம்ளர் தண்ணி கொண்டாரச் சொல்லுங்க. நீங்க குடிங்க. குடிச்சதும் விருது தர்றேன்.”

எங்கள் தெருவிலிருந்து டம்ளர் வந்தது. நூற்றுக்கு நூறு அதைக் கையில் வாங்கினார். உள்ளே பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

“இது... இது மஞ்சளா இருக்கே?”

அப்போது முதல் வரிசையிலிருந்து என் வீட்டுக்காரியின் குரல் கேட்டது. தெம்பில்லாத குரல்தான், ஆனால் கடைசி வரிசை வரைக்கும் போயிற்று.

“ஐயாவுக்குக் காமாலையா?”

இந்தத் தடவை அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதைக் குடிக்கவில்லை, கீழே வைக்கவும் தெரியவில்லை. விருது வந்த பெட்டியிலேயே திரும்பிப் போனது.

நாலாம் நாள் டீச்சரம்மா வாசலில் தோண்டினார்கள். குடிநீர்க் குழாய் ஒரு முழ நீளத்துக்குச் சாக்கடைக்குள்ளேயே கிடந்தது. அதில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை. யாரோ ஒரு காலத்தில் அதை வாரியத்தின் பழைய விளம்பரத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ‘அப்படியே பருகலாம்’ என்ற எழுத்து அழியாமல் இருந்தது, நல்ல மசி. புதுக் குழாய் போட்டார்கள். நூற்றுக்கு நூறைக் கழிவுநீர்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவருக்கு வேலை புதிதாக இருக்காது என்று டீச்சரம்மா சொன்னார்.

இரண்டு மாதத்தில் வீட்டுக்காரி தேறிவிட்டாள். கண் வெளுத்தது. கடைக்கு வந்து பழையபடி கல்லாவில் உட்கார்ந்த முதல் நாளே மாதிரிப் பிரிவு அதிகாரி ஒரு பையோடு வந்தார். உள்ளே விழாவில் அவர் போட்டிருந்த கறைச் சட்டை.

“சட்டை வாரியச் சொத்துங்க. கறையோட திருப்பிக் கொடுத்தா எடுத்துக்க மாட்டேங்கறாங்க. எதையும் போட்டுப் பாத்தாச்சு, போகல. நீங்கதான் எடுத்துத் தரணும்.”

துருக்கறையை எடுக்க எங்களிடம் ஒரு உப்பு உண்டு. பத்து நிமிட வேலை. நான் கையை நீட்டினேன். வீட்டுக்காரி என் கையைத் தட்டிவிட்டுச் சட்டையை வாங்கினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“இதை எடுத்துக்க முடியாதே சார். கலங்கலா இருக்கு.”

“கறையா இருக்குன்னுதானேம்மா கொண்டாந்தேன்?”

அவள் சட்டையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். நிதானமாக மடித்துப் பைக்குள் வைத்து அவரிடமே நீட்டினாள்.

“வாடையும் அடிக்குது. வீட்டுக்குப் போய் நல்லாக் கொதிக்க வச்சு, தெளிவாக் கொண்டாங்க. அப்புறம் பாக்கலாம்.”